இரைப்பை யாருக்கு?

"பேர் சொல்லுங்க" என்றாள், முகாம் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள்.

செசங்கா பேரை மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை. கம்பாலாவிலிருந்து மினிபஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் செம்மண் மேட்டில் போடா-போடா மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம். வழி முழுக்கக் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்வதிலும், நேற்று வரை மீசை இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பதிலுமே கழிந்துவிட்டது.

"கலிபாலா" என்றார். அது அவருடைய பல் டாக்டரின் பேர்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "கலிபாலாவா? அப்ப வெட்டுக்கிளிக் குலம்."

"ஆ... ஆமா."

"நானும் வெட்டுக்கிளிதான். எந்தக் கிளை? அப்பா யாரு? தாத்தாவை எங்கே அடக்கம் பண்ணியிருக்கு?"

பேரைச் சொன்னால் குலம் தெரியும், குலம் தெரிந்தால் கேள்வி தாத்தாவின் சமாதி வரைக்கும் போகும் என்பது செசங்காவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுக் கிளம்பிய ஆளுக்கு எல்லாம் சமயத்தில் ஞாபகம் வருவதில்லை.

"அப்பாவுக்கு மசாகா பக்கம்" என்றார் பொதுவாக.

"மசாகா பக்கம் நம்ம ஆளுங்க ஒரே ஒரு குடும்பம்தான். எங்க பெரியப்பா வீடு. அப்ப நீ எனக்கு அண்ணன் மகன்." 'நீங்க' அதற்குள் 'நீ' ஆகிவிட்டது. "ரெட்டைப் பிள்ளை பெத்தவ நான். ஊரே நாலோங்கோன்னு கூப்பிடும். நீ அத்தைன்னு கூப்பிடு."

"சரிங்க."

"சரிங்க என்ன சரிங்க. சரி அத்தை."

"சரி அத்தை."

"பொண்டாட்டி எங்கே?"

"இல்லை" என்றார். கேள்வி அத்தோடு முடியும் என்று நினைத்தார்.

"நாப்பது வயசைத் தாண்டியும் இல்லையா? நல்லவேளை என்கிட்ட வந்தே. அத்தை எதுக்கு இருக்கேன்? எட்டாம் நம்பர் அறை உனக்குத்தான். துடைச்சுத் தயாரா வச்சிருக்கு. பையைப் போட்டுட்டு வா."

போகிற வழியில் ஒரு பலகை இருந்தது. 'பெரியவர்களுக்கான வார இறுதி முகாம். பாய் முடைதல், வாழையிலைச் சமையல்.' செசங்கா அதன் முன் நின்றார். பாய்க்கும் வாழையிலைக்கும் எதற்குப் பெரியவர்கள்? சின்னவர்கள் பார்க்கக் கூடாதபடி வாழையிலையில் என்ன இருக்கிறது?

அவர் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் பெண்டாட்டி ப்ராஸி ஆறு வயதிலிருந்து பாய் முடைகிறவள். வாட்டிய வாழையிலைக்குள் கோழியையும் நிலக்கடலைக் குழம்பையும் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைக்கிற லுவொம்போ இருக்கிறதே, அதற்காகக் கல்யாண வீடுகளிலிருந்து அவளுக்கு ஆள் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவள், "ரெண்டு நாள் பாய் முடையவும் லுவொம்போ கட்டவும் கத்துக்கப் போறேன்" என்று கிளம்பினால், தையல்காரர் பட்டன் தைக்கக் கற்றுக்கொள்ளப் போன கதைதான்.

அதற்கும் முன்னால் அந்த இரைப்பை விவகாரம். கோழி சமைத்தால் இரைப்பை புருஷனுக்கு. பதினோரு வருஷமாக அது அவர் தட்டுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரவில்லை. "எங்கே?" என்று கேட்டார். "இந்தக் கோழிக்கு இல்லைங்க" என்றாள் ப்ராஸி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். இரைப்பை இல்லாமல் அந்தக் கோழி எப்படி உயிரோடு இருந்தது என்று அவர் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் போனில் அந்தச் செய்தி. லுபோவா என்று ஒருவன். 'அவருக்குத் தெரியாதே?' என்று கேட்டிருந்தான். 'இன்னும் இல்லை' என்று இவள் பதில் போட்டிருந்தாள்.

முகாமின் விலாசத்தை அவரே துப்பறிந்து கண்டுபிடித்தார். அந்தக் காகிதத்தை ப்ராஸி சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். தினமும் காலையில் தேநீருக்குச் சர்க்கரை போடுவது அவர்தான் என்பதை மறந்துவிட்டாள். தப்பு செய்கிறவர்கள் ஏதாவது ஒன்றை மறப்பார்கள்.

பலாமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் தனியாக ஓர் இடம் பார்த்து உட்காரலாம் என்று செசங்கா நினைத்தார். நாலோங்கோ அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்கே உட்காரு. இந்தப் பொண்ணு பக்கத்துல இடம் இருக்கு."

அந்தப் பொண்ணு ப்ராஸி.

செசங்கா தொப்பியைப் புருவம் வரை இறக்கினார். ப்ராஸி முறைப்படி முழங்காலிட்டு, "சுகமா இருக்கீங்களா ஐயா?" என்றாள். அவளுடைய கண்ணில் அதிர்ச்சி இல்லை, திகைப்பு இல்லை. மீசையை எடுத்தது வீண் போகவில்லை என்று அவருக்கு ஒரு திருப்தி. கூடவே ஒரு வருத்தம். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, மூக்குக்குக் கீழே நாலு முடி இல்லாவிட்டால் அடையாளம் தெரியாதா?

"இவன் என் அண்ணன் மகன், கலிபாலா" என்றாள் நாலோங்கோ.

"கலிபாலாவா? எங்க அம்மாவும் வெட்டுக்கிளிக் குலம்தான். அப்ப இவங்க எனக்கு மாமா."

"தாய்மாமன் முறையா? அப்ப நம்ம வழக்கப்படி ஒரே பாயில உட்காரக் கூடாதே. தள்ளி உட்காருப்பா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

மூன்றாவது 'இன்னும்' முடிந்தபோது செசங்கா எறும்பு வரிசையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

குரலை மாற்றி, கரகரவென்று, "பரவாயில்லை" என்றார்.

"மாமாவுக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கே" என்றாள் ப்ராஸி.

"ஜலதோஷம்."

சொல்லியிருக்கக் கூடாது. நாலோங்கோ உள்ளே போய்க் கசப்பிலையைக் கசக்கிப் பிழிந்து ஒரு குவளை கொண்டுவந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகு குரல் நிஜமாகவே மாறிவிட்டது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. கையில் சாயம் போட்ட ஊதா ஓலைக்கட்டு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், முதல் கட்டை ப்ராஸியின் மடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போனார்.

"யாரு அது?" என்றார் செசங்கா.

"லுபோவா. ரொம்பப் பேச மாட்டார்" என்றாள் ப்ராஸி.

பேசாத ஆண்களைப் பெண்களுக்குப் பிடிக்கும் என்று செசங்கா எங்கோ படித்திருந்தார். அவரே கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல்தான் இருந்தார். அது கணக்கில் சேராது போலும்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று எறும்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அவருக்கு எங்கே மாமா நேரம்? வண்டி உதிரிபாகக் கடை. ஞாயித்துக்கிழமைகூட எதையாவது எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டிருப்பார்."

"உழைப்பாளி."

"ரொம்ப. கல்யாணமான வருஷத்துல இருந்து, ஏரிக்கரைக்கு ரெண்டு நாள் போய்ட்டு வரலாம்னு கேக்கறேன். அடுத்த வருஷம்பார். அந்த அடுத்த வருஷம் மட்டும் எந்தக் காலண்டர்லயும் வரவே மாட்டேங்குது."

செசங்காவின் கையிலிருந்த ஓலை கோணலாகக் கிழிந்தது. "அதனால வெறுத்துட்டீங்களா?"

"சேச்சே. நல்ல மனுஷன் மாமா. கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்தா இன்னும் நல்லா இருப்பார்."

சரியாக மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்த செசங்காவுக்கு அந்தப் பதிலில் எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது என்று புரியவில்லை. நல்ல மனுஷன் என்றாளே. ஆனால் பெண்கள் விட்டுவிட்டுப் போகப்போகிற புருஷனைத்தான் நல்ல மனுஷன் என்பார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் முடைந்த பாய், பாயாக இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு முடிச்சாக இருந்தது.

நாலு மணிக்குத் தேநீரோடு பெரிய கிண்ணத்தில் வெட்டுக்கிளி வந்தது. நவம்பர் மழைக்குப் பிடித்தது, இறக்கை கிள்ளி வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்தது. நாலோங்கோவே கொண்டுவந்து நீட்டினாள். செசங்கா கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் யானைக் குலம். எந்த உயிரின் பேர் குலத்துக்கு இருக்கிறதோ அதைத் தின்னக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. நாற்பத்து மூன்று வயது வரைக்கும் அவர் தட்டில் யாரும் யானையைப் பரிமாறியதில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமே இல்லாமல் வளர்ந்துவிட்டார்.

"கலிபாலா" என்றாள் நாலோங்கோ மெதுவாக. "வாயில என்ன?"

பலாமரத்தடியில் பேச்சு நின்றது. செசங்காவின் தாடையும் நின்றது.

"எங்க கிளையில... ஒண்ணு ரெண்டு சாப்பிடலாம்" என்றார்.

"அப்படி ஒரு கிளையா? இரு, குலத்தலைவரைக் கேட்டுடுவோம். என்கிட்ட அவர் நம்பர் இருக்கு."

"வேண்டாம் அத்தை, வேண்டாம். மறந்துட்டேன்."

"தாத்தாவைத் தின்னுட்டு மறந்துட்டேங்கறியா?"

ப்ராஸி ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தாய்மாமன் குலத்துரோகி ஆனதற்கு அழுகிறாள் என்று செசங்கா நினைத்தார்.

தண்டனையை நாலோங்கோவே அறிவித்தாள். நாளைக்குக் காலையில் இருபது பேருக்கான மடோகே வாழைக்காய் முழுவதையும் அவரே தோல் சீவ வேண்டும். மூன்று கோழிக்கு இறகு பிடுங்க வேண்டும். ஆண்பிள்ளை அடுப்படிக்கு வரலாமா என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தாத்தாவைத் தின்னவன் எங்கே வேணா வரலாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் செசங்காவின் விரல்கள் வாழைக்காய்ப் பாலில் கறுத்துப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தொப்பியில் கோழி இறகு. ஆனால் ஒரு லாபம் இருந்தது. அடுப்படியில் ப்ராஸி செய்வது அத்தனையும் இங்கிருந்து தெரிந்தது.

அவள் மூன்று கோழியின் இரைப்பையையும் கழுவினாள். இரண்டைப் பொதுத் தட்டில் போட்டாள். மூன்றில் பெரியதைத் தனியாக எடுத்துச் சின்ன இலையில் வைத்து, நிலக்கடலைக் குழம்பு ஊற்றி, சிவப்பு நாரால் கட்டினாள்.

"அது யாருக்கு?" என்றார் செசங்கா. குரல் மாற்ற மறந்துவிட்டது.

"உரியவருக்கு மாமா."

"உங்க வீட்டுக்காரர் கம்பாலாவுல இல்ல இருக்கார்?"

"ஆமா, பாவம். இந்நேரம் எதையாவது துடைச்சிட்டிருப்பார்."

சொல்லிவிட்டு அவள் விறகுக் குவியலுக்குப் பின்னால் போனாள். அங்கே லுபோவா நின்றிருந்தார். செசங்கா வாழைக்காயோடு காதை நீட்டினார்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொல்லிடறேன்" என்றாள் ப்ராஸி. "இதுக்கு மேல மறைக்க முடியாது. எனக்கே கஷ்டமா இருக்கு."

லுபோவா தலையாட்டினார்.

மத்தியானத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இருபது பேர் முன்னால், அவர் பெண்டாட்டி, அவர் இரைப்பையை, அந்த உயரமான ஊமையின் தட்டில் வைக்கப்போகிறாள். ஏரிக்கரைக்கு ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன? கடை ஓடியா போயிருக்கும்?

தடுக்க வழி தெரியவில்லை. பழிவாங்க மட்டும் வழி தெரிந்தது. அம்மியோரம் ஊசிமிளகாய் குவிந்திருந்தது. யாரும் பார்க்காதபோது சிவப்பு நாரை அவிழ்த்து, ஆறு மிளகாயை நசுக்கி உள்ளே வைத்து, மறுபடி கட்டினார். யோசித்துவிட்டு இன்னும் இரண்டு வைத்தார். தின்னட்டும். அப்போதாவது வாயைத் திறந்து பேசுவான்.

மத்தியானம் எல்லோரும் பாய்களில் உட்கார்ந்தார்கள். மடோகே ஆவி பறந்தது. ப்ராஸி சிவப்பு நார் கட்டிய சின்னப் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். லுபோவா வரிசையின் நடுவில் இருந்தார். அவள் அவரை நெருங்கினாள். செசங்கா கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது பொட்டலம் அவர் முன்னால் இருந்தது. ப்ராஸி முழங்காலிட்டிருந்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

ஒரு நொடி அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்த நொடி எல்லாம் ஓடியது. எழுந்து நின்றார். தொப்பி விழுந்தது.

"இதை எதுக்கு எனக்கு வைக்கறே? கலிபாலா யாருடீ உனக்கு? நேத்துக் காலையில வந்தவன். ஊர் தெரியாது, ஒழுங்காப் பேர்கூடத் தெரியாது. அவனுக்கு இரைப்பையா?"

"என்னங்க..."

"புருஷன் அங்கே எண்ணெய்க் கையோட உட்கார்ந்திருக்கான். இங்கே எவனோ கலிபாலாவுக்கு முழங்கால் போட்டுப் பரிமாறறே."

"அந்தக் கலிபாலா நீங்கதானே."

"அது உனக்குத் தெரியாதே."

பாயில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்குப் புரையேறியது.

"என்னங்க" என்றாள் ப்ராஸி மறுபடி, அடக்கிய சிரிப்போடு. "நான் என்ன மீசையையா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? நேத்து வாசல்ல போடா-போடாக்காரன்கிட்ட நீங்க பேரம் பேசினப்பவே குரல் கேட்டாச்சு. ரெண்டு நாளா மாமா மாமான்னு கூப்பிட்டு எனக்கு வாய் வலிக்குது. உட்காருங்க. ஆறிடப் போகுது."

செசங்கா உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து பெரிய பாறை ஒன்று இறங்கியது. அப்போதுதான் பொட்டலத்துக்குள் என்ன வைத்தோம் என்பது ஞாபகம் வந்தது.

"சாப்பிடுங்க" என்றாள் அவள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு பிரியமாக அவள் சொன்னதே இல்லை. இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க" என்றாள் ப்ராஸி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "உங்களுக்கு இவ்வளவு பாசம் இருக்குன்னு தெரியாமப் போச்சே."

"ம்" என்றார் செசங்கா. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

இரண்டு குவளை மோரும் ஒரு தட்டு மடோகேயும் உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது. பேச்சோடு சந்தேகமும் வந்தது.

"சரி. என்னை நேத்துத்தான் பார்த்தே. ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடியே 'அவருக்குத் தெரியாதே'ன்னு இந்த லுபோவா உனக்கு எதுக்கு எழுதணும்? எனக்கு என்ன தெரியக் கூடாது?"

"அவர் என் புருஷன்பா" என்றாள் நாலோங்கோ. "ரெட்டைப் பிள்ளைக்கு அப்பா. முகாமுக்கு முன்கூட்டியே போன்ல பேர் பதியற வேலை அவரோடது. இனிமே என்னை அத்தைன்னு கூப்பிட வேண்டாம். பழகிட்டா கூப்பிட்டுக்கோ."

எல்லோரும் லுபோவாவைப் பார்த்தார்கள். அவர் விரலில் ஒட்டியிருந்த குழம்பைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எங்க ஃபாரத்துல ஒரு கேள்வி உண்டுங்க, கணவர் எப்படி வருவார்னு. கூடவே வருவார், வர மாட்டார், சந்தேகப்பட்டுப் பின்னாடியே வருவார். உங்க வீட்டம்மா மூணாவதுல டிக் போட்டிருந்தாங்க."